ஆம்பிளிஃபையரின் விலையும் சேரியின் காதும்

லட்ச ரூபாய்க்கு மேல் விலை சொல்கிற வெளிநாட்டு ஸ்டீரியோ ஆம்பிளிஃபையர் அந்தக் காசுக்குத் தகுமா, தகாதா? இந்தக் கேள்வியை ஒரு தலித் இதழில் எழுப்புவதா என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். நிலப் பிரச்சினை இருக்கிறது, கூலிப் பிரச்சினை இருக்கிறது, வன்கொடுமை வழக்குகள் குவிந்து கிடக்கின்றன, இந்த நேரத்தில் பாட்டுப் பெட்டி ஒரு கேடா என்று கேட்கலாம். நியாயமான கோபம்தான். ஆனால் இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறவர்கள் நம்ம காலனிப் பிள்ளைகள். சோழவரம், காரனோடை, பாடியநல்லூர் பக்கம் இருபத்தைந்து வருசத்துக்கு மேல் மைக்செட்டும் ஆம்பிளிஃபையரும் ரிப்பேர் பார்த்தவன் நான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சூப்பர்வைசராக இருக்கிறவன், கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறவன், துபாயிலிருந்து லீவில் வந்தவன் என்று முதல் தலைமுறையாகக் கையில் நாலு காசு பார்த்தவர்கள், "அண்ணே, இதுக்கு இவ்வளவு கொடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள்.

பக்கத்திலேயே இன்னொரு குரலும் கேட்கிறது. "இவனுங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" ஊர்த்தெருவில் இதை வாய்விட்டே சொல்கிறார்கள். பட்டணத்தில் சொல்லாமல் சிரிக்கிறார்கள்.

ஆகவே இங்கே இருப்பது இரண்டு கேள்விகள். ஒன்று காதைப் பற்றியது: கொடுக்கிற காசுக்குக் கூடுதலாக ஏதாவது கேட்கிறதா? இன்னொன்று உரிமையைப் பற்றியது: நல்ல ஒலியை வீட்டில் வைத்துக்கொள்ள யாருக்கு அனுமதி இருந்தது? முதல் கேள்விக்குப் பதில் சொல்ல அரைமணி நேரம் போதும். இரண்டாவதற்குச் செங்கல்பட்டு மாவட்டத்தின் பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் கடைக்காரனுக்கும் லாபம், சாதிக்காரனுக்கும் லாபம்.

1

இன்டிகிரேட்டட் ஆம்பிளிஃபையர் என்பது மந்திரப் பெட்டி இல்லை. ரேடியோ, டேப், சிடி, இப்போது செல்போன், இவற்றிலிருந்து வருகிற மெலிந்த சிக்னலைத் தேர்ந்து, கூட்டிக் குறைத்துத் தருகிற ப்ரீ-ஆம்ப் ஒரு பகுதி. அதை ஸ்பீக்கரின் காயிலைத் தள்ளுகிற அளவுக்குப் பலப்படுத்துகிற பவர்-ஆம்ப் இன்னொரு பகுதி. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்தால் இன்டிகிரேட்டட். அது செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று. உள்ளே போன ஒலியைக் கூட்டாமல் குறைக்காமல், தன் சொந்தச் சரக்கு எதையும் சேர்க்காமல், பெரிதாக்கி வெளியே தர வேண்டும்.

எத்தனை வாட்ஸ் வேண்டும்? ஒரு சாதாரண நல்ல ஸ்பீக்கர் ஒரு வாட்ஸ் வாங்கிக்கொண்டு ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் அளவுக்குச் சத்தம் தரும். அதுவே பேச்சுக்குரலைவிட நல்ல சத்தம். பத்துக்குப் பத்து அறையில் பாட்டுக் கேட்கிறவன் பெரும்பாலான நேரம் ஒரு வாட்ஸுக்குள்தான் கேட்கிறான். தவில் அடி, டிரம் அடி வருகிற இடங்களில் மட்டும் இருபது வாட்ஸ் வரை தாவும். பவரை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல் கூடுதல். கேட்கிறவனுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்ற வேண்டுமானால் பவரைப் பத்து மடங்காக்க வேண்டும். 20 வாட்ஸ் செட்டை விற்றுவிட்டு 40 வாட்ஸ் செட் வாங்குகிறவன் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்கிறான். வித்தியாசம் சுண்டைக்காய்.

சத்தம் போகட்டும், தரம்? அதிக விலைச் செட்டு இனிமையாக, ஆழமாக, உயிரோட்டமாகப் பாடுகிறது என்கிறார்களே? இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1978இல் இங்கிலாந்தின் குவாட் கம்பெனி தன்னுடைய பழைய வால்வு ஆம்பிளிஃபையரையும் புதிய டிரான்சிஸ்டர் ஆம்பிளிஃபையர்கள் இரண்டையும் ஒரு குழுவின் காதுக்கு விட்டது. எது ஓடுகிறது என்று சொல்லவில்லை. குழுவால் நம்பகமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கம்பெனியே செய்த சோதனைதானே என்று ஒருவர் சந்தேகப்படலாம். 1987 ஜனவரியில் அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவ்யூ பத்திரிகை இன்னும் பெரிதாகச் செய்தது. சுமார் 220 டாலர் விலையுள்ள சாதாரணச் செட்டிலிருந்து ஜோடி 12,000 டாலர் விலையுள்ள வால்வு ஆம்பிளிஃபையர் வரை எடுத்துக்கொண்டு, 25 பேரை உட்கார வைத்து, பெயரை மறைத்துக் கேட்கச் சொன்னது. சத்தத்தை மட்டும் சமமாக வைத்துவிட்டால், பூவா தலையா போட்டுச் சொல்வதற்கும் அவர்கள் காதால் கேட்டுச் சொல்வதற்கும் வித்தியாசம் இல்லாமல் போயிற்று.

அதற்கு இரண்டு வருசம் முன்னால், 1985இல், பாப் கார்வர் என்கிற அமெரிக்க டிசைனர் ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரர்களிடம் சவால் விட்டார். நீங்கள் கொண்டாடுகிற விலை உயர்ந்த வால்வு ஆம்பிளிஃபையர் எதுவானாலும் கொடுங்கள், என்னுடைய மலிவான டிரான்சிஸ்டர் செட்டை அதே மாதிரிப் பாட வைக்கிறேன் என்றார். இரண்டு ஆம்பிளிஃபையர்களுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பிரித்தெடுத்து, அது கிட்டத்தட்டப் பூஜ்யம் ஆகும்வரை தன் செட்டில் மாற்றங்கள் செய்தார். பத்திரிகையின் விமர்சகர்களால் எது எது என்று சொல்ல முடியவில்லை. பிற்பாடு கடைக்கு வந்த செட்டுகள் அன்றைக்குக் கேட்டதுபோல் இல்லை என்று அதே பத்திரிகை வாதாடியது. அந்தச் சண்டை தனி. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: வித்தியாசம் இருந்தாலும் அது அளக்கக்கூடிய, பழகக்கூடிய ஒரு வித்தியாசம். விலைச்சீட்டில் பிறக்கிற தெய்வாம்சம் எதுவும் அதில் இல்லை.

இந்தச் சோதனைகளைப் படித்தபோது எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. இசை விஷயத்தில் "இவருக்குத்தான் காது உண்டு, அவருக்குக் கிடையாது" என்ற பேச்சை நாம் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்திருக்கிறோம். நுட்பமான காது பிறவியிலேயே வருமாம், பரம்பரையில் வருமாம். பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு 1979இல் எழுதிய நூலில், ரசனை என்பது வர்க்கம் தன்னை அடுத்தவனிடமிருந்து பிரித்துக் காட்டுகிற அடையாளம் என்று விரிவாகக் காட்டினார். நம்ம நாட்டில் வர்க்கத்தோடு சாதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெயர்ப்பலகை தெரிகிறவரை உசத்தி எது, தாழ்த்தி எது என்று எல்லோருக்கும் நிச்சயமாகத் தெரிகிறது. ஒரு துணியைப் போட்டுப் பெயரை மூடினதும் நிச்சயம் போய்விடுகிறது. இது ஆம்பிளிஃபையருக்கு மட்டும் பொருந்துகிற விசயமா என்பதை வாசகர்களே யோசிக்கட்டும்.

2

அப்படியானால் காசு எங்கே போகிறது? வெறும் ஏமாற்று என்று சொல்லிவிட்டுப் போக முடியாது, பெட்டியைத் திறந்து பார்த்தவன் அப்படிச் சொல்லக்கூடாது. கனமான டிரான்ஸ்ஃபார்மர், பெரிய கண்டென்சர்கள், சூட்டை வெளியேற்றுகிற அலுமினிய ஹீட்சிங்க், விரல் தடிமனுள்ள முகப்புத் தகடு, இவையெல்லாம் உண்மையான பொருள்கள். 'கிளாஸ்-ஏ' வகை ஆம்பிளிஃபையர் பாட்டே பாடாமல் சும்மா இருக்கும்போதும் முழுக் கரண்டை இழுத்துச் சூடாக்கிக்கொண்டிருக்கும், அதற்குத் தக்கபடி எல்லாப் பாகமும் பெரிதாக வேண்டும். கரண்டை அதிகம் கேட்கிற முரட்டு ஸ்பீக்கர்களை ஓட்ட அந்தக் கனம் உதவும். இருபது வருசம் உழைக்கும், பாகம் மாற்ற இடம் இருக்கும், சத்தமில்லாத நேரத்தில் இரைச்சல் துளியும் வராது. இதெல்லாம் உண்மை. மிச்சக் காசு கப்பல் கூலி, சுங்கவரி, கடைக்காரர் லாபம், விளம்பரம், பெயர் என்று போகிறது.

மலிவாகவும் நன்றாகச் செய்யலாம் என்பதற்குச் சரித்திரத்தில் சாட்சி உண்டு. 1978இல் வந்த என்ஏடி 3020 என்கிற இன்டிகிரேட்டட் ஆம்பிளிஃபையர் வெறும் 20 வாட்ஸ். சாதாரண மாணவன் வாங்குகிற விலை. உலகம் முழுக்க விற்றது. அதைவிடப் பல மடங்கு விலையுள்ள செட்டுகளோடு ஒப்பிட்டு அன்றைய விமர்சகர்கள் அதைப் பாராட்டினார்கள்.

நம்ம சாட்சி இன்னும் பக்கத்தில் இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் 2என்3055 டிரான்சிஸ்டர் ஜோடி, அலுமினியத் தகடு, 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வந்து, தகரப் பெட்டிக்குள் மாட்டி ஆம்பிளிஃபையர் செய்தவர்கள் எத்தனை பேர். பின்னால் ஐசி வந்தது. எல்ஏ 4440 போர்டு இல்லாத ரிப்பேர் கடையே எங்க பக்கம் கிடையாது. ஆட்டோவில் அதுதான், டீக்கடையில் அதுதான், காலனி வீட்டில் மரப்பெட்டி ஸ்பீக்கரோடு அதுதான். கொஞ்சம் வசதியானவன் எஸ்டிகே ஐசி போட்ட செட்டுக்குப் போவான். ஐடிஐ முடித்தவனும் எட்டாவதோடு நின்றவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சால்ட்ரிங் வைத்த தொழில் அது. கடை நடத்தியவர்களில் நம்ம ஆட்கள் நிறைய. காரணம் இருக்கிறது. இந்தத் தொழிலுக்குப் பரம்பரைக் குத்தகைதாரர் யாரும் கிடையாது. மிஷினுக்குச் சாதி தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன், மிஷின் வைத்திருக்கிறவனுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் இந்த ஒரு வேலையில் "நீ தொடாதே" என்று சொல்ல யாரிடமும் சாஸ்திரம் இல்லாமல் போயிற்று.

பெயர் என்ன செய்யும் என்பதற்கும் இந்தத் தொழிலிலேயே உதாரணம் உண்டு. காந்தி, நேரு கூட்டங்களின் பழைய போட்டோக்களில் மைக்கின் மேல் 'சிகாகோ ரேடியோ' என்ற தகடு தெரியும். அமெரிக்கக் கம்பெனி என்றுதான் நினைக்கத் தோன்றும். உண்மையில் அது மோட்வானே குடும்பத்தாரின் இந்தியக் கம்பெனி, பம்பாயிலிருந்து நடந்தது. 1930களிலிருந்து காங்கிரஸ் கூட்டங்களின் குரலைப் பெரிதாக்கியது அந்தப் பெட்டிகள்தான். அந்தக் காலத்திலேயே மேலைநாட்டுப் பெயருக்கு ஒரு மதிப்பு இருந்திருக்கிறது.

3

நல்ல ஒலி வேண்டுமானால் முதலில் எதில் காசு போட வேண்டும் என்று தொழில் தெரிந்த யாரைக் கேட்டாலும் ஒரே வரிசையைத்தான் சொல்வார்கள்: அறை, ஸ்பீக்கர், கடைசியாகத்தான் ஆம்பிளிஃபையர். தகரக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் கீழே, நாலு பக்கமும் மொட்டைச் சுவர் உள்ள அறையில், பத்து லட்ச ரூபாய் செட்டும் கடகடவென்றுதான் பாடும். சுவருக்குச் சுவர் மோதித் திரும்புகிற ஒலியை எந்த ஆம்பிளிஃபையராலும் தடுக்க முடியாது. ஸ்பீக்கரைச் சுவரைவிட்டு இரண்டடி தள்ளி வைக்கச் சொல்வார்கள். இரண்டடி தள்ளி வைத்தால் நாலு பேர் எங்கே படுப்பது?

இங்கேதான் ஒலி விவகாரம் நில விவகாரமாகிறது. சோழவரம், பொன்னேரி பகுதியெல்லாம் அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டம். 1891இல் அந்த மாவட்டக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், பறையர்களின் நிலைமை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். உழுகிற நிலம் சொந்தமில்லை என்பது மட்டுமல்ல, குடியிருக்கிற குடிசை மனையும் சொந்தமில்லை, அதை வைத்தே மிராசுதார்கள் இவர்களை அடக்கி வைத்திருக்கிறார்கள் என்று எழுதினார். கூலி கூடக் கேட்டால் மனையை விட்டு எழும்பு என்பார்கள். அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணையின் வழியில்தான் பஞ்சமி நிலம் வந்தது. அந்த நிலங்கள் பின்னால் எப்படிக் கைமாறின என்பதும், 1994 அக்டோபரில் அதே செங்கல்பட்டு மாவட்டத்தின் காரணையில் அதை மீட்கப் போனவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்ததும் இந்த இதழ் வாசகர்களுக்குத் தெரிந்த கதை.

ஒலி ரசிகர் தன் கேட்கும் அறையைப் பற்றிப் பேசும்போது, அந்த அறை எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. தாத்தா கட்டியது, அப்பா பிரித்துக் கொடுத்தது. நம்ம தாத்தாவுக்குக் குடிசை மனைக்கே உரிமை இல்லை. காலனி வீட்டின் ஒற்றை அறை அந்த வரலாற்றின் நேரடி மிச்சம். ஆகவே விலையைக் கணக்கிடும்போது பெட்டியின் விலையை மட்டும் எழுதினால் கணக்குத் தப்பு. அறையின் விலையையும் எழுத வேண்டும்.

அறைக்கு அடுத்தது காது. மனிதக் காது சுமார் 20லிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. வயது ஏற ஏற மேல்ஸ்தாயி மங்கும். கும்மிடிப்பூண்டியில் உருக்காலை, ரோலிங் மில், பிரஸ் ஷாப் என்று எட்டு மணி, பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவனுக்கு அது வயதுக்காகக் காத்திருக்காது. இரைச்சலால் போகிற காது முதலில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் போகும். பேச்சில் 'ச', 'ஸ' போன்ற சத்தங்களுக்கும், பாட்டில் சலங்கை, ஜால்ரா, தந்தியின் மினுமினுப்புக்கும் அந்தப் பக்கம்தான் வேண்டும். காது முழுக்கச் செவிடாகாததால் ஆளுக்கே தெரியாது. "பொண்டாட்டி முணுமுணுக்குறா, டிவி சத்தம் பத்தல" என்பான். ஆம்பிளிஃபையரில் ட்ரிபிள் குமிழை முழுக்கத் திருப்பி வைத்துவிட்டு, செட்டு மந்தமாகப் பாடுகிறது, ரிப்பேர் பண்ணு என்று என்னிடம் கொண்டு வருவார்கள். செட்டில் ஒரு குறையும் இருக்காது.

தொழிற்சாலை விதிகளின்படி எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபலுக்கு மேல் இரைச்சல் போகக்கூடாது. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாகச் சட்டத்தில் இருக்கிறது. இழப்பீட்டுக்குரிய தொழில் நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் காண்டிராக்ட் லேபருக்குக் காதுப் பரிசோதனை எங்கே நடக்கிறது? எனக்குத் தெரிந்தவர்களில் காதுக்கு இழப்பீடு வாங்கினவர் ஒருவரும் இல்லை. கை போனால் ரத்தம் தெரியும். காது போனால் என்ன தெரியும்? நல்ல ஆம்பிளிஃபையர் செய்யத் தேவையான அலுமினியத்தையும் இரும்பையும் உருக்குகிற மனிதனுக்கு, அந்த ஆம்பிளிஃபையரின் நயத்தைக் கேட்கிற காது மிச்சமில்லை. உசத்தி ஒலியின் விலையில் இந்தக் காதின் விலையும் சேர்ந்திருக்கிறது. அதை எந்தப் பில்லிலும் போடுவதில்லை.

4

இனி உரிமைக் கேள்விக்கு வருகிறேன். எந்தக் கரண்டும் ஆம்பிளிஃபையரும் இல்லாமல் நாலு ஊருக்குக் கேட்கிற கருவி நம்மிடம்தான் இருந்தது. நெருப்பில் காய்ச்சி விறைப்பேற்றிய பறை. சாவுக்கும் சாமிக்கும் தண்டோராவுக்கும் அதை நாம் அடிக்க வேண்டும், ஆனால் அடிப்பது ஊருக்காக. நம் சொந்தச் சந்தோசத்துக்கு இசை வைத்துக்கொள்வது வேறு விசயமாக இருந்தது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதி ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மேல் எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம், வெள்ளி போடக்கூடாது. சட்டை போடக்கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலாடை அணியக்கூடாது. குடை, செருப்பு கூடாது. மறுவருசம் 1931 ஜூனில் அது பதினொன்றாக வளர்ந்தது. பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பது அந்தப் பட்டியலில் உண்டு. கல்யாணத்திலும் விசேஷங்களிலும் இசை வைக்கக் கூடாது என்பதும் உண்டு. ஜே.எச். ஹட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்தப் பட்டியலைத் தம்முடைய சாதி பற்றிய நூலில் பதிவு செய்திருக்கிறார்.

அந்தப் பட்டியலை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அது பொருள்களின் பட்டியல். இன்ன பொருள் இன்னாரிடம் இருக்கக்கூடாது என்பதே சட்டம். பித்தளைக் குடத்துக்கு விலை கொடுக்க வசதி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. வசதி வந்தாலும் வைத்திருக்கக் கூடாது என்றார்கள்.

பட்டியல் காலாவதி ஆகிவிட்டது என்று நினைக்கிறவர்களுக்காகக் கொடியங்குளத்தை ஞாபகப்படுத்துகிறேன். தென்மாவட்டத்தில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள தேவேந்திரர் கிராமம். வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்து அனுப்பிய காசில் கொஞ்சம் நிமிர்ந்த ஊர். 1995 ஆகஸ்ட் 31 அன்று நூற்றுக்கணக்கான போலீசார் உள்ளே புகுந்தார்கள். எதை உடைத்தார்கள்? டிவி, டேப்ரெக்கார்டர், மின்விசிறி, தையல் மெஷின். பாஸ்போர்ட்டையும் சர்ட்டிபிகேட்டையும் கொளுத்தினார்கள். கிணற்றையும் பாழாக்கினார்கள். குற்றவாளியைத் தேடி வந்தவனுக்கு டேப்ரெக்கார்டர் என்ன செய்தது? 1930இன் பட்டியலில் பித்தளைக் குடம் இருந்த இடத்தில் 1995இல் டேப்ரெக்கார்டர் இருந்தது. 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கல்யாணத்தைச் சாக்காக வைத்து நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று குடியிருப்புகளைக் கும்பல் சூறையாடியது. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள். பீரோவை உடைத்தார்கள், வண்டியைக் கொளுத்தினார்கள். பெங்களூர், திருப்பூர் போய்ச் சம்பாதித்த காசு சாமானாக மாறி வீட்டுக்குள் நின்றதே, அதுதான் கண்ணை உறுத்தியது.

சத்தத்துக்கும் இதே கதைதான். எங்க சோழவரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப்போரில் போட்ட விமான ஓடுபாதையில் 1950களிலிருந்து 1980களின் கடைசிவரை கார் ரேஸ், பைக் ரேஸ் நடந்தது. தென்னிந்தியா முழுக்கப் பெயர் பெற்ற ரேஸ். பிறகுதான் இருங்காட்டுக்கோட்டைக்குப் போயிற்று. ரேஸ் நாளில் என்ஜின் அலறுவது ஏரியைத் தாண்டிக் கேட்கும். நாற்று நடுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிவார்கள். அதற்கு விளையாட்டு என்று பெயர். யாரும் இரைச்சல் என்று சொன்னதில்லை.

காலனியில் ஏப்ரல் 14க்கு ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டினால்? என் அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு வருசம் எங்க பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வாடகைக்குச் செட்டு தருவதாக அட்வான்ஸ் வாங்கிவிட்டு, முதல் நாள் ராத்திரி திருப்பிக் கொடுத்துவிட்டார். "அந்தப் பக்கம் ஒயர் இழுத்தா நாளைக்கு எனக்கு ஊர்ல பொழப்பு இல்ல" என்றார். பிறகு நாங்களே இரண்டு ஆம்பிளிஃபையர் கட்டினோம். எனக்குத் தெரிந்து அந்தக் காலனிக்குச் சொந்தமான முதல் மைக்செட் அதுதான். அண்ணல் பாட்டு ஒலித்ததும், பரீட்சை நேரம், நோயாளி இருக்கிறார், கோயில் வழி என்று ஒவ்வொரு காரணமாக வந்தது. அதே வருசம் ஊர்த் திருவிழாவில் மூன்று ராத்திரி பன்னிரண்டு குழாய் கட்டினார்கள், ஒரு நோயாளிக்கும் ஒன்றும் ஆகவில்லை. 2000இல் வந்த ஒலி மாசு விதிகள் எல்லோருக்கும் பொது: எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கூடாது, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல். நல்ல விதிகள்தான். நாமும் மதிக்க வேண்டியவை, நம் வீட்டிலும் படிக்கிற பிள்ளை இருக்கிறது. ஆனால் டெசிபல் மீட்டர் எந்தத் தெருவுக்குள் முதலில் நுழைகிறது என்பதில்தான் சாதி இருக்கிறது.

5

இத்தனையும் சொன்ன பிறகு, கேட்ட பிள்ளைகளுக்கு என்ன பதில்?

காதுக் கேள்விக்கு என் பதில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. லட்சக்கணக்கான விலைக்குத் தகாது. ஓரளவு நேர்மையாகச் செய்த, உங்கள் ஸ்பீக்கருக்குப் போதுமான பவர் உள்ள ஆம்பிளிஃபையர் கிடைத்துவிட்டால், அதற்கு மேல் கொடுக்கிற காசு காதுக்குப் போவதில்லை. முப்பது நாற்பது வாட்ஸ் நல்ல செட்டு ஒரு வீட்டுக்குத் தாராளம். மிச்சக் காசை ஸ்பீக்கரில் போடுங்கள். அதற்கும் முன்னால் நல்ல எர்த் போடுங்கள். எங்க பக்கம் பாதி வீட்டில் 'ஹம்' அடிப்பதற்குக் காரணம் எர்த் இல்லாததும் வோல்டேஜ் ஏறி இறங்குவதும்தான். சுவரில் ஒரு ஜமுக்காளம், தரையில் ஒரு பாய், அலமாரியில் புத்தகம், இவை செய்கிற உபகாரத்தை ஐந்து லட்ச ரூபாய் பெட்டி செய்யாது. கடையில் கேட்டுப் பார்க்கும்போது இரண்டு செட்டின் சத்தத்தையும் சமமாக வைக்கச் சொல்லுங்கள். துளி சத்தம் கூடினாலும் "இதுதான் நல்லா இருக்கு" என்று காது ஏமாறும். பெயரை மறைக்கச் சொல்லுங்கள். மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

உரிமைக் கேள்விக்கு என் பதில் வேறு. "இவனுங்களுக்கு எதுக்கு?" என்று கேட்கிறவனுக்கு இந்தச் சோதனைக் கணக்கு எதையும் நான் கையில் கொடுக்க மாட்டேன். அவன் கவலை ஒலித் தரத்தைப் பற்றியது அல்ல. ஊரில் ஒருவர் பத்து லட்சத்துக்குச் செட்டு வாங்கினால் அது ரசனை, காலனியில் ஒருவன் ஐம்பதாயிரத்துக்கு வாங்கினால் அது திமிர் என்கிற நாக்கு 1930இன் நாக்கு. நம்ம பையன் ஒருவன் இதையெல்லாம் தெரிந்துகொண்டே, உழைத்த காசில் உசத்தி ஆம்பிளிஃபையர் வாங்கி வைத்து ராத்திரி இளையராஜா கேட்கிறான் என்றால், அவனிடம் சிக்கனம் பேசுகிற தகுதி யாருக்கும் இல்லை. வேண்டுமானால் தொழில் தெரிந்த அண்ணனாக, இதைவிடக் கம்மி விலையில் இதே ஒலி கிடைக்கும்டா தம்பி என்று நான் சொல்லலாம். அவ்வளவுதான்.

கடன் வாங்கி வாங்குகிறவனிடம் மட்டும் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். "பெயருக்காக வாங்கினால், பெயரை வைத்து நம்மை அளந்தவர்களின் தராசையே நீயும் கையில் எடுக்கிறாய். அந்தத் தராசில் நாம் எவ்வளவு காசு வைத்தாலும் எடை ஏறாது. கொடியங்குளத்தில் ஏறவில்லை, நத்தத்திலும் ஏறவில்லை."

கடைசியாக, இயக்கத் தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி, மணலி, எண்ணூர் பக்கம் ஆலையில் நிற்கிற நம்ம ஆட்களுக்குக் காதுப் பரிசோதனை நடக்கிறதா என்று விசாரியுங்கள். இஎஸ்ஐ அட்டை உள்ளவர்களை அழைத்துப் போய் ஆடியோகிராம் எடுக்க வையுங்கள். அந்தத் தாளில் 4,000 ஹெர்ட்ஸ் கோடு எங்கே விழுந்து கிடக்கிறது என்று பாருங்கள். அந்தத் தாள்களைச் சேர்த்து வைத்தால் அது வழக்காகும், வரலாறாகவும் ஆகும். ஆம்பிளிஃபையரைக் காசு வந்தபோது வாங்கிக்கொள்ளலாம், பழுதானால் நான் இருக்கிறேன். போன காதுக்கு ரிச்சி தெருவில் ஸ்பேர் கிடையாது.